லினாக் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்து வழி பிடியுங்கள்

மலேசியாவின் தெற்குக் கெடாவில், ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த எங்கள் ஊரில் புற்றுநோய்க் கதிர் சிகிச்சைக்கு எங்களிடம் இருப்பது ஒரே ஒரு லினாக், அதாவது கட்டியின் மேல் கதிரைப் பாய்ச்சும் மெஷின். அது நின்றால் பீடோங், பாடாங் செராய், கூலிம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விடியற்காலையில் வேன் பிடித்து வந்தவர்கள் அப்படியே திரும்ப வேண்டியதுதான். அதனால் காலைச் சோதனையில் ஒரு எண் பிசகினாலே எல்லாருக்கும் கை பரபரக்கும். அந்தப் பரபரப்பில்தான் தப்பான இடத்தைத் திருகிவிடுவார்கள். புதிதாக வேலைக்கு வரும், மெஷினை அளக்கும் பிஸிசிஸ்டுகளுக்கும் நோயாளிக்குக் கதிர் கொடுக்கும் தெரபிஸ்டுகளுக்கும் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

கீழே வரும் எல்லைகள் பெரும்பாலும் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமான ஏஏபிஎம் 2009இல் வெளியிட்ட டிஜி-142 அறிக்கையில் உள்ளவை. உங்கள் மையத்தின் எல்லை இன்னும் இறுக்கமாக இருந்தால் அதையே பிடியுங்கள்.

## அறிகுறி 1: காலை டோஸ் அளவு கூடவோ குறையவோ காட்டுகிறது

தினசரி அளவுக்கு எல்லை 3 விழுக்காடு, மாத அளவுக்கு 2. எல்லையைத் தாண்டியதும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எல்லா எனர்ஜியிலும் (பீம் என்னும் கதிர்க்கற்றையின் வீரிய நிலைகள்) ஒரே பக்கமாக, ஏறக்குறைய ஒரே அளவு தள்ளுகிறதா, இல்லை ஒன்றில் மட்டுமா?

### எல்லா எனர்ஜியிலும் தள்ளினால்

முதல் சந்தேகம் அளக்கும் கருவி மேல்தான் விழ வேண்டும். காசு செலவில்லாத சோதனைகளிலிருந்து தொடங்குங்கள்.

தூரம். கதிர் புறப்படும் இடத்திலிருந்து சேம்பரை, அதாவது கதிரை அளக்கும் சின்னக் காற்றறையை, வைத்த தூரம் 100 செ.மீ.யில் 1 செ.மீ. தவறினால் டோஸ் 2 விழுக்காடு மாறும். நேற்று யாராவது 5 செ.மீ. தடிப்புப் பலகைக்குப் பதில் 4 செ.மீ. எடுத்து வைத்திருக்கலாம். பலகைகளை எண்ணிப் பாருங்கள். ஃபீல்ட் அளவு, எம்யூ (மெஷின் டோஸை எண்ணும் அலகு), எனர்ஜி மூன்றையும் திரையில் சத்தமாக வாசியுங்கள், பக்கத்தில் இன்னொருவர் கேட்கட்டும்.

வெப்பம். எங்கள் ஊரில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். சிகிச்சை அறை ஏர்கோனில் 21 டிகிரி. பாண்டம், அதாவது நோயாளிக்குப் பதிலாக வைத்து அளக்கும் பலகை அடுக்கு, இருக்கும் ஸ்டோரில் ஏர்கோன் கிடையாது, அங்கே 29 டிகிரி. காலையில் பாண்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து உடனே அளந்தால், சேம்பருக்குள் இருக்கும் காற்று பாண்டத்தின் சூட்டில் இருக்கிறது. சுவரில் தொங்கும் வெப்பமானியோ 21 என்கிறது. 3 டிகிரிக்கு ஏறக்குறைய 1 விழுக்காடு என்ற கணக்கில் 8 டிகிரி வித்தியாசம் 2.7 விழுக்காடாகிவிடும். மெஷின் சரியாகவே கொடுக்கிறது, தாளில் மட்டும் டோஸ் குறைவாகத் தெரியும். அதை நம்பி மெஷினை ஏற்றிவிட்டால் அன்றைக்கு வரும் ஒவ்வொரு நோயாளிக்கும் உண்மையிலேயே 2.7 விழுக்காடு கூடப் போகும். ஆகவே சேம்பர் போகும் துளையிலேயே வெப்பமானியைச் செருகி, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருங்கள். பாண்டத்தை முதல் நாள் மாலையே அறைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

காற்றழுத்தம். 10 ஹெக்டோபாஸ்கலுக்கு 1 விழுக்காடு. கைப்பேசியில் வானிலை செயலியைத் திறந்து எண்ணை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எண் கடல்மட்டத்துக்கு மாற்றப்பட்டது, உங்கள் அறையின் அழுத்தம் கிடையாது. எங்கள் ஊர் தாழ்நிலம் என்பதால் பிழை கண்ணுக்குப் படாது. 100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் இதே பழக்கம் 1 விழுக்காட்டுக்கு மேல் தின்றுவிடும். நல்ல பாரோமீட்டர் ஒன்றை அறையிலேயே வையுங்கள்.

எலக்ட்ரோமீட்டர். சேம்பரில் சேரும் மின்னேற்றத்தைப் படிக்கும் பெட்டி இது. வோல்டேஜ் ஏறியிருக்கிறதா, சரியான சேம்பரின் காரணி (அளவுத்திருத்தத்தில் வந்த பெருக்கெண்) போட்டிருக்கிறதா, பூச்சியம் எடுத்தீர்களா? இரண்டு சேம்பர் வைத்திருக்கும் இடத்தில் காரணி மாறிப்போவது சகஜம்.

இத்தனைக்கும் பிறகு எண் மாறவில்லையென்றால் இரண்டாவது சேம்பர், இரண்டாவது எலக்ட்ரோமீட்டர் எடுங்கள். தினசரிக் கருவி 3.5 காட்ட, தனிச் சேம்பர் 0.4 காட்டினால் குற்றவாளி தினசரிக் கருவி. இரண்டும் ஒரே கதை சொன்னால் சந்தேகம் மெஷினுக்குள் இருந்து டோஸை எண்ணும் மானிட்டர் சேம்பர் மேல் போகும்.

### ஒரே எனர்ஜியில் மட்டும் தள்ளினால்

இங்கே கதை தலைகீழ். அதே சேம்பர், அதே தூரம், அதே காற்று. 6 எம்வி எனர்ஜி ஒழுங்காக வந்து 10 எம்வி மட்டும் தவறினால் அளக்கும் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. பீமின் சமச்சீரையும் தட்டைத்தன்மையையும் பழைய பதிவோடு ஒப்பிடுங்கள். உருவம் 1 விழுக்காட்டுக்கு மேல் மாறியிருந்தால் பீம் சாய்கிறது, அல்லது எனர்ஜியே நகர்ந்திருக்கிறது. அந்த எனர்ஜியைப் பூட்டிவிட்டு சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். வெறும் டோஸ் எண்ணை மட்டும் சரிக்கட்டி அன்றைய நாளை ஓட்டுவது கூடாது.

### எண் ஒவ்வொரு முறையும் குதித்தால்

பீம் இல்லாமல் ஒரு நிமிடம் சும்மா அளந்து பாருங்கள். வழக்கமான அளவில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் கசிவு வந்தால் கேபிள் நுனியில் ஈரம் ஏறியிருக்கிறது. நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு இது புதிதில்லை. நுனியை உலர்ந்த பஞ்சில்லாத துணியால் துடைத்து, கேபிளை மாற்றி, சேம்பருக்குச் சில நூறு எம்யூ கொடுத்துவிட்டு மறுபடி அளங்கள். சேம்பரையும் கேபிளையும் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வைப்பது நல்லது. ஜெல் நிறம் மாறியதும் மாற்ற ஓர் ஆளை நியமியுங்கள். ஆள் பெயர் இல்லாத வேலையை யாரும் செய்ய மாட்டார்கள்.

### வாரக்கணக்கில் மெல்ல ஏறினால்

புது மெஷினில் முதல் சில மாதங்களில் டோஸ் மெதுவாக ஏறுவது வழக்கம்; பதிவு செய்து, பிஸிசிஸ்ட் திட்டமிட்டுத் திருத்திக்கொண்டே வரலாம். பழைய மெஷினில் ஏறி இறங்கி ஆடினால் ஒரு மாதத் தினசரி டோஸையும் அறையின் அழுத்தத்தையும் ஒரே தாளில் வரையுங்கள். அழுத்தம் குறைந்த நாளில் டோஸ் ஏறி, கூடிய நாளில் இறங்கினால், அடைத்து வைக்கப்பட்ட மானிட்டர் சேம்பர் கசிகிறது. திறந்த வகைச் சேம்பர் உள்ள மெஷினில் அதன் வெப்ப அழுத்த சென்சார் கெட்டிருக்கலாம். சென்சார் என்றால் சில்லறை வேலை. சேம்பர் என்றால் பெரிய செலவு. மாற்றிய பிறகு எல்லா பீமையும் அடியிலிருந்து அளக்க வேண்டும், மெஷின் பல நாள் நிற்கும். இப்படிப்பட்ட சந்தேகம் வந்த அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள். தலை-கழுத்து, கருப்பைவாய்ப் புற்றுநோயாளிகளின் சிகிச்சை நடுவில் நாள் இழுத்தால் நோய்க் கட்டுப்பாடு கெடும். அவர்களை வேறு மையத்துக்கு மாற்ற முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும்.

மெஷினின் டோஸைத் திருத்தும் அதிகாரம் பிஸிசிஸ்டுக்கு மட்டும். அவரும் ஒற்றை அளவை வைத்துத் திருத்தக் கூடாது. மூலச் சேம்பரை நாங்கள் பாங்கியில் உள்ள மலேசிய அணுசக்தி நிறுவனத்தின் இரண்டாம் நிலை அளவுத் தர ஆய்வகத்துக்கு அனுப்பி அளவுத்திருத்தம் செய்து வாங்குகிறோம். அனைத்துலக அணுசக்தி முகமை 1969 முதல் நடத்திவரும் அஞ்சல்வழித் தணிக்கையும் இருக்கிறது. சின்னப் பொட்டலம் வரும், பீம் கொடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும், 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் தேறியது. ஒரே மெஷின் வைத்திருக்கும் மையத்துக்கு வெளியாள் ஒருவர் பார்த்துச் சொல்வதைப் போல நிம்மதி வேறில்லை.

## அறிகுறி 2: லேசர் கோடுகள் பொருந்தவில்லை

நோயாளியைச் சரியான இடத்தில் படுக்க வைக்கச் சுவர்களிலிருந்து வரும் கோடுகள் இவை. எல்லை சாதாரணச் சிகிச்சைக்கு 2 மி.மீ., கட்டியின் உருவத்துக்கு ஏற்பக் கதிரைப் பிரித்துக் கொடுக்கும் ஐஎம்ஆர்டிக்கு 1.5, ஒரே இடத்தில் பெரிய டோஸ் கொடுக்கும் ஸ்டீரியோடாக்டிக்குக்கு 1.

இரு பக்கச் சுவர் லேசர்களும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருந்தால், ஒரு லேசரை யாரோ இடித்திருக்கிறார்கள். ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன் சிலிண்டர், ஏர்கோன் துடைக்க வந்தவர் போட்ட ஏணி இவைதான் வழக்கமான காரணங்கள். எல்லா லேசரும் தங்களுக்குள் ஒத்துப்போய், பாண்டத்தின் நடுப்புள்ளியில் மட்டும் விழவில்லை என்றால் முதலில் பாண்டம் மட்டமாக இருக்கிறதா பாருங்கள், அப்புறம் கவுச் (நோயாளி படுக்கும் மேசை) எண்களை. அதுவும் சரியென்றால் வின்ஸ்டன்-லுட்ஸ் சோதனை: சின்ன உலோகக் குண்டை வைத்து, கேன்ட்ரியையும் (நோயாளியைச் சுற்றிச் சுழலும் மெஷின் கை) கவுச்சையும் சுற்றிப் படமெடுத்து, கதிரின் நடு எங்கே ஓடுகிறது என்று பார்ப்பது. அது முடியும்வரை லேசரின் திருகாணியைத் தொடாதீர்கள். குண்டுக்கும் கதிர்நடுவுக்கும் இடைவெளி 1 மி.மீ. தாண்டினால் ஸ்டீரியோடாக்டிக் நோயாளிகளை நிறுத்திவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 3: தினசரி சிபிசிடி படத்தில் நோயாளி நகர்ந்து தெரிகிறார்

### எல்லா நோயாளியும் ஒரே பக்கம் நகர்ந்தால்

சிபிசிடி என்பது சிகிச்சைக்கு முன் லினாக்கிலேயே எடுக்கும் சிடி படம். இங்கே நோயாளிகளை விட்டுவிடுங்கள். தினசரிக் கனசதுரப் பாண்டத்தை, தெரிந்த அளவு தள்ளி வைத்துப் படமெடுத்து, மெஷின் சொல்லும் திருத்தம் அதே அளவா என்று பாருங்கள். திருத்தம் 1 மி.மீ.க்குள் பொருந்த வேண்டும். படத்தின் நடுவும் கதிரின் நடுவும் 2 மி.மீ.க்குள், ஸ்டீரியோடாக்டிக்குக்கு 1 மி.மீ.க்குள். தவறினால், நேற்று யாராவது லேசரைத் திருத்தினார்களா என்று கேளுங்கள்; பாதி நேரம் பதில் அங்கேயே கிடைக்கும். இல்லையென்றால் படக் கருவியின் அளவுத்திருத்தம், அதற்கும் மசியவில்லையென்றால் இன்ஜினியர்.

### ஒருவர் மட்டும் நகர்ந்தால்

இங்கே மெஷின் பெரும்பாலும் நிரபராதி. ஆளைப் பாருங்கள், அவர் வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

தோல் குறிகள். பச்சை குத்திய புள்ளிகளுக்கு மச்சம் போட்டியாக நிற்கும். கறுத்த தோலில் சின்ன நீலப் புள்ளியும் மச்சமும் விளக்கணைத்த அறையில் ஒன்றுபோலத்தான் தெரியும். மச்சத்தில் லேசரை வைத்துவிட்டால் 2 செ.மீ. நகர்வு காட்டும். புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை எழுதி, ஒரு புகைப்படமும் எடுத்துக் கோப்பில் போட்டுவிடுங்கள். மையினால் வரைந்த குறிகள் என்றால், எண்ணெய் தேய்த்துக் குளித்தார்களா என்று கேளுங்கள். தீபாவளிக்கு மறுநாள் குறிகள் பாதி அழிந்து வரும், சொல்லி வையுங்கள்.

மாஸ்க். தலைக்கும் கழுத்துக்கும் போடும் பிளாஸ்டிக் மாஸ்க் இறுகினாலும் தளர்ந்தாலும் நகர்வு வரும். எடை குறைந்ததா என்று எல்லாரும் பார்ப்பார்கள். முடியை யாரும் பார்ப்பதில்லை. அடர்ந்த முடியோடு மாஸ்க் செய்துகொண்ட ஒரு மூளைக்கட்டி நோயாளி, தைப்பூசத்துக்கு நேர்த்தி வைத்து மொட்டை போட்டு, தலையில் சந்தனம் காயாமல் வந்து படுத்தார். மாஸ்க்குக்குள் தலை இரு பக்கமும் உருண்டது. கீமோவில் முடி கொட்டினாலும் இதே கதைதான். மாஸ்க் செய்யும் அன்றே கேட்டுவிடுங்கள்: "ஐயா, இந்த ரெண்டு மாசத்துல முடி இறக்குற வேண்டுதல் ஏதும் இருக்கா?" இருந்தால் இறக்கிவிட்டு வரச் சொல்லுங்கள், அப்புறம் மாஸ்க் செய்யலாம். எடை குறைந்து மாஸ்க் தளர்ந்தால் வரிசை இப்படி: தலையணை சரியான எண்ணா என்று பார்ப்பது, புது மாஸ்க், புது சிடி, புது பிளான். கடைசி இரண்டும் பிஸிசிஸ்டுக்கும் டாக்டருக்கும் பல மணி நேர வேலை. ஆனாலும் கழுத்துக் கட்டிகள் சுருங்கி, தண்டுவடம் அதிக டோஸ் பகுதிக்குள் வந்துவிட்டதாகப் படத்தில் தெரிந்தால் தள்ளிப்போட முடியாது.

சிறுநீர்ப்பை. புரோஸ்டேட், கருப்பைவாய்ச் சிகிச்சைகளில் பை நிரம்பிய அளவு பிளான் எடுத்த நாளைப் போலவே இருக்க வேண்டும். "தண்ணி எப்ப குடிச்சீங்க ஐயா?" என்று கேட்டால், "வேன்லயே குடிச்சிட்டேன்மா, இங்க வந்தா மறந்துடும்ல" என்பார். வேன் வந்து சேர்ந்து, முன்னால் மூன்று பேர், மெஷின் கொஞ்சம் தாமதம்; அவர் அடக்க முடியாமல் கழிவறைக்குப் போய்விட்டு, நம்மிடம் சொல்லக் கூச்சப்பட்டு அப்படியே படுத்துக்கொள்வார். படத்தில் பை காலி. தாளில் "சிகிச்சைக்கு முக்கால் மணி நேரம் முன்பு" என்று அச்சடித்துக் கொடுப்பதில் பலன் கண்டதில்லை. தன் முறை எப்போது வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மிஸ்ஸி (நர்ஸ்) பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையில் தண்ணீர் கொடுத்த பிறகு குடிக்கச் சொல்லுங்கள். காலியாக இருந்தால் எழுப்பி, குடிக்க வைத்து, காத்திருந்து மறுபடி படம். மலக்குடலில் வாயு அடைத்து புரோஸ்டேட் முன்னே தள்ளப்பட்டிருந்தால் கவுச்சை நகர்த்திச் சமாளிக்காதீர்கள், எழுந்து போய்விட்டு வரச் சொல்லுங்கள். நாலைந்து நாள் தொடர்ந்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

மூச்சுப் பிடிப்பு. இடது மார்பகச் சிகிச்சையில் இதயத்தைத் தள்ளிவைக்க மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறோம். சில அம்மாக்கள் நெஞ்சை நிரப்பாமல் முதுகை வளைத்து உயர்த்துவார்கள். கேமரா "உயரம் வந்துவிட்டது" என்று பச்சை காட்டும், படத்தில் முதுகெலும்பு பலகையை விட்டு எழும்பியிருக்கும். இதற்கு மருந்து பயிற்சிதான். பதிவு செய்த குரலை நிறுத்திவிட்டு, பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக் கொடுங்கள்.

## அறிகுறி 4: எம்எல்சி தவறு என்று பீம் நடுவிலேயே நிற்கிறது

எம்எல்சி என்பது பீமுக்கு உருவம் கொடுக்கும் மெல்லிய உலோக இலைகளின் வரிசை. முதலில் நோயாளி. கொடுத்து முடிந்த எம்யூ எவ்வளவு என்று தாளில் எழுதுங்கள், கணினிப் பதிவோடு ஒப்பிடுங்கள். மீதியை மட்டும் கொடுக்க வேண்டும், பூச்சியத்திலிருந்து தொடங்கக் கூடாது. அவர் அசைந்திருந்தால், அல்லது நேரம் இழுத்திருந்தால், மறுபடி படம்.

அப்புறம் பதிவில் எந்த இலை என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே இலை என்றால் மோட்டார் களைத்துவிட்டது. வெவ்வேறு இலைகள், ஆனால் ஒரே பக்கம் என்றால் மின்வழங்கியோ தொடர்புக் கேபிளோ. ஒருமுறை ரீசெட் செய்து ஓடினால் சரி, நாள் முடிவில் பிக்கெட் ஃபென்ஸ் படம் (இலைகள் சரியான இடத்தில் நிற்கின்றனவா என்று காட்டும் கோட்டுப் படம்) எடுத்துப் பாருங்கள். ஒரே நாளில் மறுபடி வந்தால் ரீசெட் பொத்தானை அமுக்கிக்கொண்டே நாளை முடிக்கப் பார்க்காதீர்கள். இன்ஜினியர் மோட்டாரை மாற்றிய பிறகு பிக்கெட் ஃபென்ஸ் கட்டாயம். ஐஎம்ஆர்டிக்கு இலை நிற்கும் இடம் 1 மி.மீ.க்குள் வர வேண்டும்.

## அறிகுறி 5: நோயாளியின் பிளான் சோதனையில் காமா தேறவில்லை

காமா என்பது கணக்கிட்ட டோஸும் அளந்த டோஸும் புள்ளிக்குப் புள்ளி பொருந்துகின்றனவா என்ற ஒப்பீடு. ஏஏபிஎம் 2018இல் வெளியிட்ட டிஜி-218 அறிக்கை சொல்வது: 3 விழுக்காடு, 2 மி.மீ. அளவுகோலில் 95 விழுக்காட்டுப் புள்ளிகள் தேற வேண்டும். 90க்குக் கீழே போனால் நடவடிக்கை.

எல்லா பிளானும் அன்றைக்கு மோசமாக வந்தால்: அன்றைய டோஸ் திருத்தம் போட்டீர்களா, அளக்கும் தட்டு 2 மி.மீ. தள்ளியிருக்கிறதா, கணக்கில் கவுச் சேர்க்கப்பட்டதா? ஒரே பிளான் மட்டும் என்றால்: சரியான பிளானின் கோப்பா, அப்புறம் அந்த பிளானில் துண்டு துண்டாகச் சின்னச் சின்ன ஃபீல்டுகள் அளவுக்கு மீறி இருக்கின்றனவா? இருந்தால் பிளானை எளிமையாக்கி மறுபடி போடச் சொல்லுங்கள். அளவுகோலை 3 விழுக்காடு, 3 மி.மீ.க்குத் தளர்த்திப் பச்சை வாங்குவது எனக்குப் பிடிக்காத பழக்கம். தோற்ற புள்ளிகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். தோல் ஓரத்தில் என்றால் ஒன்று, தண்டுவடத்தின் மேல் என்றால் வேறொன்று. மாதக்கணக்கில் ஒரே வகை பிளான்கள் நழுவினால் கணினி மாடலிலேயே கோளாறு; அது பிஸிசிஸ்டுக்கு நீண்ட வேலை.

## அறிகுறி 6: இடி மின்னலுக்குப் பிறகு மெஷின் தயார் நிலைக்கு வரவில்லை

கதவு முழுதாகச் சாத்தியதா, கடைசியாக வெளியேறுபவர் அழுத்தும் பொத்தான் அழுத்தப்பட்டதா, அவசர நிறுத்தப் பொத்தான் ஏதாவது உள்ளே போயிருக்கிறதா? அப்புறம் மெஷினைத் தண்ணீரால் குளிர்விக்கும் சில்லர். மின்சாரம் ஒரு கணம் இறங்கினால்கூட சில்லர் நின்றுவிட்டு, தானாகத் திரும்பாமல் இருக்கும். தண்ணீர் வெப்பம் ஏறி மெஷின் மறுக்கும். மொட்டை மாடிக்கு ஆளனுப்பிப் பாருங்கள். பயந்துபோய் முழு மெஷினின் மின்சாரத்தையும் வெட்டிவிடாதீர்கள், வெற்றிடப் பம்புகள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இன்டர்லாக் என்னும் பாதுகாப்புப் பூட்டைத் தாண்டி ஓட்டுவது எந்தக் காரணத்துக்கும் கிடையாது.

## சர்வீஸ் முடிந்து மெஷின் திரும்ப வரும்போது

இது அறிகுறி இல்லைதான், ஆனால் அறிகுறிகள் பிறக்கும் இடம். 1990 டிசம்பரில் ஸ்பெயினின் சரகோசாவில் பழுது பார்த்த லினாக்கை பிஸிசிஸ்ட் அளக்காமலேயே சிகிச்சைக்கு விட்டார்கள். எந்த எனர்ஜியைத் தேர்ந்தாலும் எனர்ஜி காட்டும் முள் 36 எம்இவியிலேயே நின்றது. முள் சிக்கிக்கொண்டது என்று நினைத்தார்கள். முள் சொன்னதுதான் உண்மை. 27 பேருக்கு அதிக டோஸ் போனது. அளக்கும் கருவியை முதலில் சந்தேகி என்று மேலே சொன்னேன். ஆனால் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டியது இரண்டாவது கருவி. "அது அப்படித்தான் காட்டும்" என்று சொல்லிக் கடந்துபோவது சந்தேகம் ஆகாது.

எந்தப் பாகத்தைத் தொட்டார்கள் என்று இன்ஜினியரிடம் எழுதி வாங்குங்கள். மானிட்டர் சேம்பர், மெஷினுக்கு நுண்ணலை தரும் மேக்னட்ரான் அல்லது கிளைஸ்ட்ரான், பீம் வளைக்கும் பகுதி எதையாவது தொட்டிருந்தால் எல்லா எனர்ஜியிலும் டோஸ், எனர்ஜி, சமச்சீர் மூன்றும் தனிச் சேம்பரில். எம்எல்சி என்றால் பிக்கெட் ஃபென்ஸும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நோயாளியின் பிளானும். கவுச் என்றால் வின்ஸ்டன்-லுட்ஸும், கனசதுரப் பாண்டத்தோடு தெரிந்த நகர்வுச் சோதனையும். கேபிள் மட்டும் மாற்றினேன் என்று சொன்னாலும் காலைச் சோதனை முழுக்க ஓட வேண்டும். பிஸிசிஸ்ட் கையெழுத்துப் போடும்வரை வேன்காரரிடம் "இன்னும் அரை மணி நேரம் அண்ணே" என்று சொல்லி வையுங்கள்.